ரேகைக்கு முகவரி தந்தவர்

நுழையும்முன்

தாம்பரத்தில் ஒரு நியாயவிலைக் கடை. வரிசையில் நின்ற மூதாட்டி தம் பெருவிரலைச் சிறு கருவியின்மேல் வைக்கிறார். சில நொடிகளில் கருவி அவரை இன்னார் என்று அறிந்துகொள்கிறது, அரிசி அளக்கப்படுகிறது. சற்றுத் தொலைவில் உள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலம் விற்பவர் ஒருவர் பத்திரத்தில் தம் விரல்ரேகையைப் பதிக்கிறார். சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டால், கதவின் கைப்பிடியில் பதிந்த ரேகையைத் தேடி விரல்ரேகைப் பிரிவினர் வருகின்றனர். ரேகை ஒருவரை அடையாளம் காட்டும் என்பதை இன்று சிறுவரும் அறிவர். ஆயினும், கோடிக்கணக்கான ரேகைகளுள் வேண்டிய ஒன்றை எவ்வாறு தேடி எடுப்பது? அந்த வினாவிற்கு முதலில் விடை கண்டவர்களுள் ஒருவர் வங்காளத்தில் பிறந்த ஓர் இந்தியர். அவருடைய வாழ்க்கையையும், அவர் தொடங்கி வைத்த பணி இன்று மரபணுப் பதிவேடு வரை வளர்ந்துள்ள வரலாற்றையும் இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

காசி அசீசுல் ஹக் 1872ஆம் ஆண்டு, அன்றைய வங்காள மாகாணத்தின் குல்னா மாவட்டத்தில் உள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. ஆறுகள் பின்னிக் கிடக்கும் அந்நிலத்தில் படகே பயண ஊர்தி. அத்தகைய படகு விபத்து ஒன்றில் பெற்றோர் இருவரையும் அவர் இளமையிலேயே இழந்தார். குடும்பச் சுமை மூத்த சகோதரரின் தோளில் விழுந்தது. வறுமை வாட்டிய அவ்வீட்டில், தன் பங்கிற்கும் மேலாக உணவை உண்டுவிட்டதற்காக அடிபட்ட சிறுவன், பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டு வெளியேறிக் கொல்கத்தாவிற்குத் தொடர்வண்டி ஏறினான் என்று குடும்ப வழிச் செய்தி கூறுகிறது.

முன்பின் அறியாத பெருநகரில் ஒரு குடும்பம் அவனுக்கு இடம் தந்தது. ஏவல் பணிகளைச் செய்துகொண்டே, அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு நடந்த பாடங்களை அவன் கேட்டு வந்தான். கணக்கில் அவனுக்கிருந்த திறனைக் கண்டு வியந்த அக்குடும்பத்தார் முறையான கல்விக்கு வழிசெய்தனர். அவ்வாறு கற்றுத் தேறியவர், பின்னர்க் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதமும் அறிவியலும் பயின்றார்.

அளவுகோலின் குறைபாடு

அக்காலத்தில் உலகெங்கும் காவல்துறையினரை வருத்திய சிக்கல் ஒன்று இருந்தது. ஓரிடத்தில் தண்டனை பெற்றவர் வேறோரிடத்தில் பெயரை மாற்றிக்கொண்டு புதியவர்போல் வாழ இயன்றது. அவர்தாம் இவர் என்று காட்டுவதற்கு உறுதியான வழி இல்லை. ஆள் மாறாட்டத்தால் குற்றமற்றவர் துன்புறுவதும் நிகழ்ந்தது. பாரிசில் அல்போன்ஸ் பெர்த்தியோன் என்பவர் தலையின் நீளம், கையின் நீளம், பாதத்தின் அளவு முதலியவற்றைக் கருவிகளால் அளந்து குறித்துவைக்கும் முறையை உருவாக்கியிருந்தார். வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்டு ஹென்றி அம்முறையை இங்கும் கொண்டுவந்தார்.

அளக்கப்பட்டவை எல்லாம் எண்கள். அவற்றை ஆராயக் கணிதம் வல்ல இளைஞர் ஒருவர் தேவைப்பட்டார். மாநிலக் கல்லூரி முதல்வரிடம் ஹென்றி அத்தகைய மாணவரைக் கேட்டபோது, முதல்வர் பரிந்துரைத்த பெயர் அசீசுல் ஹக். காவல்துறையில் உதவி ஆய்வாளராக அவர் பணியில் சேர்ந்தார்.

பணியில் சேர்ந்த சில காலத்திலேயே உடலளவு முறையின் குறைகள் அவருக்குப் புலப்பட்டன. ஒரே ஆளை இருவர் அளந்தால் இரண்டு அளவுகள் கிடைத்தன. கருவிகள் விலை மிகுந்தவை. அளப்பவருக்கு நீண்ட பயிற்சி தேவை. வளரும் இளைஞரின் உடலளவோ ஆண்டுதோறும் மாறியது. மாறாதது ஒன்று வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார்.

ரேகை எண்ணான கதை

மாறாத அந்த அடையாளம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாக இல்லை. எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். வங்காளத்தில் ஆட்சிப் பணியில் இருந்த வில்லியம் ஹெர்ஷல் 1858இல் ஒப்பந்தத்தாள் ஒன்றில் உள்ளூர் ஒப்பந்தக்காரரின் கைத்தடத்தைப் பதியச் செய்தார். 1877இல் ஊக்லி மாவட்டத்தில் ஓய்வூதியம் வழங்குவதிலும் பத்திரப் பதிவிலும் விரல்ரேகையைப் பயன்படுத்தினார். இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்டன், ரேகைகள் வாழ்நாள் முழுதும் மாறுவதில்லை என்பதற்குச் சான்றுகளைத் திரட்டியதோடு, அவற்றை வில், கண்ணி, சுழி என மூவகைப்படுத்தி 1892இல் நூலாக வெளியிட்டார்.

எனினும் தடை ஒன்று எஞ்சியிருந்தது. பெயரை அகரவரிசையில் அடுக்கலாம். ரேகையை எந்த வரிசையில் அடுக்குவது? பல்லாயிரம் அட்டைகளைக் கொண்ட நிலைப்பேழையில் ஓர் அட்டையைத் தேட எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்க வேண்டுமெனில், அப்பதிவால் பயன் இல்லை. தேடி எடுக்க இயலாத பதிவு இல்லாத பதிவிற்கு ஒப்பாகும்.

அசீசுல் ஹக் இச்சிக்கலைக் கணிதத்தால் அவிழ்த்தார். ஒவ்வொரு விரலிலும் சுழி இருக்கலாம், அல்லது இல்லாதிருக்கலாம். வாய்ப்புகள் இரண்டே. விரல்கள் பத்து. எனவே இரண்டைப் பத்து முறை தம்முள் பெருக்கினால் 1024 என்னும் எண் கிடைக்கும். நெடுக்கில் 32, குறுக்கில் 32 எனப் புறாக்கூடு போன்ற 1024 அறைகள் கொண்ட பேழையை அமைத்தால், உலகில் உள்ள எவருடைய பத்து விரல் பதிவிற்கும் அதில் ஓர் அறை உண்டு. ரேகைக்கு முகவரி கிடைத்துவிட்டது. அம்முறையில் அவர் ஆயிரக்கணக்கான அட்டைகளை அடுக்கிக் காட்டினார். சில அறைகளில் அட்டைகள் மிகுதியாகச் சேர்ந்தபோது, ரேகைக் கோடுகளை எண்ணி அவற்றை மேலும் உட்பிரிவுகளாகப் பகுத்தனர்.

இப்பணியில் அவருக்குத் தோள் கொடுத்தவர் ஹேம் சந்திர போஸ் என்னும் மற்றோர் உதவி ஆய்வாளர். ரேகையின் விவரங்களைக் குறியீடுகளாக்கித் தந்தியில் அனுப்பும் முறையையும், ஒற்றை விரல் பதிவை வகைப்படுத்தும் முறையையும் அவர் உருவாக்கினார். குற்றம் நிகழ்ந்த இடத்தில் பத்து விரல்களும் பதிந்து கிடைப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டே கிடைக்கும் என்பதால், அவருடைய பணியும் இன்றியமையாததாயிற்று.

தெரிந்து தெளிவோம்

வலக்கைப் பெருவிரல் முதல் சிறுவிரல் வரை 1 முதல் 5 என்றும், இடக்கைப் பெருவிரல் முதல் சிறுவிரல் வரை 6 முதல் 10 என்றும் எண்ணிடுக. விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, முதல் இணைக்கு 16, இரண்டாம் இணைக்கு 8, அடுத்தவற்றிற்கு முறையே 4, 2, 1 என மதிப்புத் தருக. சுழி உள்ள விரலுக்கு மட்டுமே மதிப்பு உண்டு, ஏனையவற்றிற்குச் சுழியம். இரட்டை எண் விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்றைச் சேர்த்தால் மேலெண். ஒற்றை எண் விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்றைச் சேர்த்தால் கீழெண். ஒருவருக்கு 1, 2, 6 ஆகிய விரல்களில் மட்டும் சுழி இருப்பின், மேலெண் 16+4+1=21; கீழெண் 16+1=17. அவருடைய அட்டை 21/17 என்னும் அறையில் இருக்கும்.

நீதிமன்றம் ஏற்ற சான்று

புதிய முறையை ஆராய 1897இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. நில அளவைத் துறைத் தலைவர் ஸ்டிராகனும் வேதியியல் அறிஞர் அலெக்சாண்டர் பெட்லரும் அதில் இடம்பெற்றனர். எளிமையிலும் செலவிலும் விரைவிலும் உறுதியிலும் உடலளவு முறையைவிட ரேகை முறையே சிறந்தது என்று அக்குழு முடிவு செய்தது. அவ்வாண்டு ஜூன் 12 அன்று அரசின் ஒப்புதல் கிடைத்தது. கொல்கத்தாவில் விரல்ரேகைப் பதிவகம் தோன்றியது.

வடவங்காளத்தின் ஜல்பைகுரிப் பகுதியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டார். அவருடைய பேழையிலிருந்த பணம் களவாடப்பட்டிருந்தது. அங்கிருந்த நாட்காட்டி நூலின் தாளில் குருதி தோய்ந்த விரல்தடம் ஒன்று காணப்பட்டது. அது, முன்னர் அவரிடம் பணியாற்றித் திருட்டுக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற ஒருவரின் பதிவோடு ஒத்திருந்தது. 1898இல் வழங்கப்பட்ட தீர்ப்பு எண்ணத்தக்கது. களவுக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக ஏற்ற நீதிமன்றம், கொலையை நேரில் கண்டவர் இன்மையால் கொலைக் குற்றத்தில் ஐயத்தின் பயனை அவருக்கே அளித்தது. ஒருவர் ஓரிடத்தில் இருந்தார் என்பதை ரேகை காட்டும். அங்கு அவர் என்ன செய்தார் என்பதைப் பிற சான்றுகளே காட்ட வேண்டும். தடயத்தின் ஆற்றலையும் எல்லையையும் அத்தொடக்க வழக்கே ஒருங்கே உணர்த்தியது.

பதிவேட்டில் விடுபட்ட பெயர்

1900ஆம் ஆண்டு எட்வர்டு ஹென்றி விரல்ரேகைகளின் வகைப்பாடு பற்றிய நூலை வெளியிட்டார். 1901இல் இலண்டன் காவல்துறையில் உயர்பதவி ஏற்று, அங்கும் ரேகைப் பதிவகத்தை நிறுவினார். உலக நாடுகள் பலவும் அம்முறையை ஏற்றன. அதற்கு ஹென்றி வகைப்பாடு என்ற பெயர் நிலைத்தது. அம்முறைக்கு அடித்தளமிட்ட இரு இந்தியரின் பெயர்களும் அந்நூலில் இடம்பெறவில்லை. எவருடைய ரேகையையும் தவறாமல் தேடி எடுக்க வழி கண்டவரின் பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை.

ஹக் மனம் தளராது தம் பணியைத் தொடர்ந்தார். 1912இல் வங்காளத்திலிருந்து பீகார் பிரிந்தபோது பீகார்க் காவல்துறையைத் தேர்ந்தெடுத்தார். காவல் கண்காணிப்பாளர் நிலைக்கு உயர்ந்தார். 1913இல் கான் சாகிப், 1924இல் கான் பகதூர் ஆகிய பட்டங்கள் அவருக்கு வழங்கப்பட்டன. தம் பங்களிப்பிற்கு உரிய ஏற்பை வேண்டி அரசிற்கு முறையீடு செய்தார். அதன்பின் ஐயாயிரம் ரூபாய் மதிப்பூதியம் அளிக்கப்பட்டது. ரேகை வகைப்பாட்டைச் செம்மைப்படுத்தியதில் தம் பணியாளர் அனைவரினும் ஹக்கின் பங்கே மிகுதி என்பதை 1926இல் எழுதிய மடலில் ஹென்றியே ஒப்புக்கொண்டார். ஓய்வுக்குப் பின் சம்பாரண் மாவட்டத்தின் மோதிகாரியில் வாழ்ந்த ஹக், 1935இல் அங்கேயே மறைந்தார். பிற்காலத்தில் பிரிட்டனைச் சேர்ந்த விரல்ரேகைக் கழகம், ஹக், போஸ் ஆகிய இருவர் பெயராலும் ஒரு பரிசை நிறுவியது.

ரேகைச் சட்டமும் தமிழகமும்

அறிவியல் முறை ஒன்று எவர் கையில், எதற்காகப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமையும். குற்றம் செய்தவரை அறிய உருவான ரேகைப் பதிவை, ஆங்கில ஆட்சி குற்றம் செய்யாதவர்மீதும் சுமத்தியது. சில குலத்தில் பிறந்ததையே குற்றமாகக் கருதிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் விரிவாக்கப்பட்டபோது, அம்மக்களிடம் விரல்ரேகை பெறவும் அது வகைசெய்தது. தமிழகத்தில் மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். இரவில் காவல் நிலையத்திற்குச் சென்று தம் இருப்பைக் காட்ட வேண்டிய இழிவு அம்மக்களுக்கு நேர்ந்தது.

மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3 அன்று அங்கு நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம், இராமமூர்த்தி முதலிய தலைவர்கள் அச்சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். சென்னை மாகாணத்தில் 1947இல் அது நீக்கப்பட்டது. 1952இல் நாடு முழுவதும் ஒழிந்தது. பதிவேட்டில் தேடுவது எளிதாக இருத்தல் வேண்டும் என்பது ஹக்கின் கணக்கு. அப்பதிவேட்டில் எவர் பெயர் இடம்பெறலாம் என்பது நீதியின் கணக்கு. முன்னது சரியாக அமைந்தும் பின்னது பிழைபட்டால் என்ன நேரும் என்பதற்குப் பெருங்காமநல்லூர் சான்றாகும்.

மரபணுப் பதிவேடு

1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ், மரபணுப் பொருளான டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் வேறுபடும் பகுதிகளைக் கொண்டு ஒருவரை அடையாளம் காணும் வழியைக் கண்டறிந்தார். அவருடைய முறை முதலில் பயன்பட்ட கொலை வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கூறப்பட்ட இளைஞர் ஒருவர் குற்றமற்றவர் என்பதே முதலில் வெளிப்பட்டது. உண்மைக் குற்றவாளி பின்னரே பிடிபட்டார். இந்தியாவில் ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் 1988இல் இத்தொழில்நுட்பத்தை உருவாக்கினார்.

தமிழகம் தடய ஆய்வில் முன்னோடி மாநிலம். 1849இல் சென்னையில் நிறுவப்பட்ட வேதியியல் ஆய்வாளர் கூடமே இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. தாம்பரத்திற்கு மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1991ஆம் ஆண்டு மே 21 அன்று முன்னாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டபோது, அவ்வழக்கின் புலனாய்வில் சென்னைத் தடய அறிவியல் துறையின் ஆய்வுகள் பெரும்பங்கு வகித்தன.

இன்றைய மரபணுப் பதிவும் ஹக் காட்டிய நெறியிலேயே அமைந்துள்ளது. டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட சில இடங்களில் சிறு துணுக்குகள் மீண்டும் மீண்டும் வரும். ஓரிடத்தில் எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒவ்வோர் இடத்திற்கும் இரண்டு எண்கள் கிடைக்கும். ஏறத்தாழ இருபது இடங்களின் எண்களைத் தொகுத்தால் அதுவே ஒருவரின் மரபணு விவரம். பத்து விரல்களை இரண்டு எண்களாக்கியவர் ஹக். குருதித் துளியை எண்களின் நிரலாக்கியது இன்றைய அறிவியல்.

எனினும் மரபணு, ரேகையினும் ஆழமானது. விரல்ரேகை ஒருவரை மட்டுமே காட்டும். டி.என்.ஏ.வோ பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் காட்டும். ஆதலால் அதனைக் காப்பதில் பொறுப்பும் மிகுதி. குற்ற இடத்தில் எடுத்த மாதிரி உறையிலிட்டு முத்திரையிடப்பட வேண்டும். யார் எடுத்தார், யார் பெற்றார், எங்கு வைக்கப்பட்டது என்பன இடைவெளியின்றிக் குறிக்கப்பட வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இயங்கும் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லையில் எடுக்கப்படும் மாதிரிக்கும் இதே நெறிதான். குறிப்பேட்டில் ஒரு வரி விடுபட்டாலும், பிழையற்ற ஆய்வு முடிவுகூட நீதிமன்றத்தில் ஐயத்திற்கு உள்ளாகும். மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்தாலோ, பெயர்ச்சீட்டு மாறினாலோ குற்றமற்றவர் கூண்டில் நிற்க நேரும்.

எத்தனை காலம் வைத்திருப்பது என்பது அடுத்த வினா. 1920ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2022இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், ரேகையோடு உயிரியல் மாதிரிகளையும் பெற வகைசெய்து, பதிவுகளை 75 ஆண்டுகள் காக்கலாம் என்கிறது. முன்னர்த் தண்டனை பெறாத ஒருவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டால், நீதிமன்றம் வேறுவகையாக ஆணையிட்டாலன்றி அவருடைய பதிவு அழிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. மரபணு வங்கிகளை அமைக்க 2019இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட தனிச் சட்டமுன்வடிவு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. குற்றமற்றவரின் மரபணு விவரங்களைக் கால வரையறையின்றி வைத்திருந்தது தனிவாழ்வுரிமைக்கு மாறானது என்று 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

வாழ்வு உணர்த்தும் பாடம்

பெற்றோரை இழந்து, பசியோடு பெருநகரம் சேர்ந்த சிறுவனுக்கு ஒரு குடும்பம் கல்வி தந்தது. அக்கல்வி உலகின் காவல்துறைகளுக்கெல்லாம் பயன்பட்டது. அசீசுல் ஹக் அமைத்த 1024 அறைகளின் இடத்தில் இன்று கணினிகள் உள்ளன. ஆயினும் நல்ல பதிவேட்டின் இலக்கணம் மாறவில்லை. இருக்க வேண்டியது அதில் இருக்க வேண்டும். அதனைத் தேடியவுடன் எடுக்க இயல வேண்டும். இருக்கக் கூடாதது நீக்கப்பட வேண்டும். பதிவேட்டின் ஒவ்வோர் எண்ணிற்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார் என்னும் உணர்வு அதனைக் கையாள்பவருக்கு வேண்டும். காவலர்களாக, வழக்கறிஞர்களாக, தடய ஆய்வாளர்களாக, கணினிப் பொறியாளர்களாக நாளை பணியேற்க இருக்கும் மாணவர்களின் கைகளுக்கே அப்பொறுப்பு வந்து சேரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பத்து விரல்களின் ரேகைகளைத் தாளில் பதித்து, வில், கண்ணி, சுழி என வகைப்படுத்தி, உங்களுக்குரிய அறை எண்ணைக் கண்டறிக. பயிற்சி முடிந்தபின் தாள்களை உரியவரிடமே திருப்பித் தருக.

2. பதிவேடுகளால் நீதி நிலைபெற்ற நிகழ்வும் நீதி பிழைத்த நிகழ்வும் இப்பாடத்தில் இடம்பெற்றுள்ளன. அவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவரின் மரபணுப் பதிவை வைத்திருத்தல் தகுமா என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.